கிளைட் முதல் மிடில்மார்ச் வரை: ஒட்டாகோவின் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தடம் எங்கே இருக்கிறது? எவ்வளவு நீளம்?

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மண்டலத்தின் உட்பகுதியில், கிளைட் என்ற சிற்றூருக்கும் மிடில்மார்ச் என்ற சிற்றூருக்கும் இடையே 152 கிலோமீட்டர் நீளத்துக்கு இது செல்கிறது. ஒரு காலத்தில் இதன் மேல் தண்டவாளம் கிடந்தது. இப்போது சரளை பரப்பிய பாதையாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் திறந்திருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் தடம் என்பது இதன் பெயர். அந்நாட்டில் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய முயற்சிகளில் பெயர் பெற்றது இது.

இவ்வளவு ஆளில்லாத நிலத்தில் ரயில் எதற்காகப் போட்டார்கள்?

1860களில் இங்கே தங்கம் கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஆனால் ரயில் வந்தபோது தங்கத்தின் நல்ல காலம் முடிந்துவிட்டிருந்தது. டனீடின் நகருக்கு அருகிலுள்ள விங்கட்டூயில் 1879இல் வேலை தொடங்கியது; பணமுடையால் பலமுறை நின்று நின்று, மிடில்மார்ச்சை 1891இலும், ரான்ஃபர்லியை 1898இலும், கிளைட்டை 1907இலும், கடைசி நிலையமான குரோம்வெல்லை 1921இலும்தான் எட்டியது. சுமார் 236 கிலோமீட்டர் பாதைக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. தங்கம் ஓய்ந்த பிறகு வந்த ரயில் ஆட்டையும் கம்பளியையும் பழக்கூடைகளையும் சுமந்து பிழைத்தது.

சாலையில் லாரிகள் பெருகியதும் அந்தச் சரக்கும் குறைந்தது. குரோம்வெல் பள்ளத்தாக்கில் கிளைட் அணை கட்டப்படவிருந்ததால், நீரில் மூழ்கப்போகும் கடைசிப் பகுதி 1980இல் மூடப்பட்டது. அணைக்கான சாமான்களைக் கொண்டுவருவதற்காகவே மற்ற பகுதிக்குச் சில ஆண்டுகள் ஆயுள் நீடித்தது. அந்த வேலை முடிந்ததும் 1990 ஏப்ரல் 30 அன்று அதுவும் மூடப்பட்டது. பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்த அணையே மறு பகுதிக்குப் பத்தாண்டு சோறு போட்டது என்று சொல்லலாம்.

தண்டவாளம் போன பிறகு சைக்கிள் பாதை எப்படி வந்தது?

தண்டவாளத்தையும் அடிக்கட்டைகளையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன பிறகு, எஞ்சியிருந்த நிலத்தை நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993இல் வாங்கியது. மறு ஆண்டு உள்ளூர் ஆர்வலர்கள் ஓர் அறக்கட்டளையை அமைத்து நிதி திரட்டினார்கள். முழுத் தடமும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

அப்போது ஊரார் எல்லாரும் மகிழ்ந்து வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பாதை ஓரம் பூராவும் ஆட்டுப் பண்ணைகள். வேலியைத் தாண்டி வருவார்கள், கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், ஆடுகளைக் கலைப்பார்கள் என்று பண்ணைக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சைக்கிளில் வருபவர்களுக்குப் பசிக்கும், களைக்கும், இரவு படுக்க இடம் வேண்டும்; பூட்டப்படும் நிலையில் இருந்த உணவகங்களும் காலியாகக் கிடந்த பண்ணை வீடுகளும் இந்த மூன்று தேவைகளாலேயே மறுபடி திறந்தன.

ஒட்டாகோ மலைப் பிரதேசமாயிற்றே. ஏற்றம் கடினமாக இருக்காதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு விடை சைக்கிளில் இல்லை, நீராவி எஞ்சினில் இருக்கிறது. வழவழப்பான இரும்பின் மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் உருளும்போது பிடிமானம் மிகவும் குறைவு. கனத்த சரக்குப் பெட்டிகளை இழுக்கும் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே இந்தப் பாதையில் மிக அதிகமான சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்று வைத்தார்கள். அதாவது ஐம்பது மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயரம். எஞ்சினுக்குக் காட்டிய அந்தக் கருணை இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சாட்டோ கிரீக்குக்கும் ஓமகாவுக்கும் இடையே உள்ள டைகர் ஹில் பகுதிக்கு வர வேண்டும். நேராக ஏறினால் சிறிது தூரத்தில் முடிந்துவிடக்கூடிய மேட்டை, ரயில் பாதை சுற்றி வளைத்துக்கொண்டு பொறுமையாக ஏறுகிறது. மிதிப்பவருக்கு ஏற்றம் கண்ணில் படாது, கால்தான் சொல்லும். திரும்பிப் பார்க்கும்போது சற்று முன் கடந்த பள்ளத்தாக்கு கீழே கிடக்கும். நான் சென்றபோது, சமதரையில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறோம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். பிரேக்கில் ஒன்றுமில்லை. தரைதான் ஏறிக்கொண்டிருந்தது.

தடத்தின் மிக உயர்ந்த இடம் ஒட்டுரேஹுவாவுக்கும் வெடர்பர்னுக்கும் நடுவில், கடல்மட்டத்திலிருந்து 618 மீட்டரில் இருக்கிறது. கிளைட்டிலிருந்து பார்த்தால் சுமார் எழுபது கிலோமீட்டர் தூரத்தில் ஏறும் உயரம் சுமார் 450 மீட்டர்தான்.

எத்தனை நாட்கள் தேவை?

பழக்கமுள்ளவர்கள் இரண்டு நாட்களில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலானோர் மூன்று முதல் ஐந்து நாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு நாட்கள் என்று வைத்துக்கொள்ளும்படி நான் சொல்வேன். அப்படியானால் முதல் இரவு ஓமகாவ் அல்லது லாடரிலும், இரண்டாம் இரவு ஒட்டுரேஹுவா அல்லது வெடர்பர்னிலும், மூன்றாம் இரவு ரான்ஃபர்லி அல்லது வைப்பியாட்டாவிலும் வரும். கடைசி நாள்தான் நீளமானது: ரான்ஃபர்லியிலிருந்து ஹைட் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மிடில்மார்ச்சுக்கு இன்னும் 27 கிலோமீட்டர். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் லாடரிலிருந்து ஒட்டுரேஹுவா வரை ஓட்டட்டும். தடத்தின் சிறந்த கட்டுமானங்கள் அந்தத் துண்டில் இருக்கின்றன.

எந்தத் திசையில் ஓட்டுவது நல்லது?

கிளைட்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். குயின்ஸ்டவுன் விமான நிலையத்திலிருந்து கிளைட் அருகில் இருப்பது அதற்கு முதல் காரணம். காற்று எப்போதும் முதுகில் இருக்கும் திசை எது என்று கேட்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தடம் கிளைட்டிலிருந்து வடகிழக்காக ஏறி, ஒட்டுரேஹுவா அருகே வளைந்து, தென்கிழக்காக ரான்ஃபர்லிக்கு இறங்கி, ஹைட்டுக்குப் பிறகு தென்மேற்காகத் திரும்புகிறது. ஏறக்குறைய குதிரை லாடம் போன்ற வடிவம். எந்தத் திசைக் காற்றாக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் அது முகத்தில் அடித்தே தீரும்.

ஏற்றத்தைவிட இங்கே காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். ரான்ஃபர்லியைச் சுற்றியுள்ள மனியோட்டோட்டோ சமவெளியில் மரம் அதிகம் இல்லை, மறைவும் இல்லை. எதிர்க்காற்றில் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதும், பின்காற்றில் முப்பது கிலோமீட்டர் போவதும் ஒரே களைப்பைத் தரும். காலை வேளையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பதால், சீக்கிரம் கிளம்புவதைவிடச் சிறந்த உத்தி வேறில்லை.

எந்த மாதங்களில் போகலாம்?

இங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும், நிழல் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம்; பல விடுதிகள் மூடியிருக்கும், பாதையில் உறைபனி படிந்திருக்கும். ஓமகாவுக்குப் பக்கத்திலுள்ள ஓஃபிர் என்ற ஊரில் 1995 ஜூலையில் பூஜ்யத்துக்குக் கீழே 21.6 டிகிரி பதிவானது. மேற்கே உள்ள தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் மழை மேகங்களை மறித்துவிடுவதால், கிளைட்டுக்கு அடுத்த ஊரான அலெக்சாண்ட்ரா பகுதியில் ஆண்டு முழுவதற்குமாகப் பெய்யும் மழை சுமார் 350 மில்லிமீட்டர்தான். ஆகவே மழைக்காக நாள் பார்க்க வேண்டியதில்லை.

என் தேர்வு ஏப்ரல் மாதத்தின் முற்பகுதி. பாப்ளர் மரங்களும் வில்லோ மரங்களும் மஞ்சளாகியிருக்கும். பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும். ஈஸ்டர் விடுமுறை அந்த வாரத்தில் விழுந்தால் மட்டும் அறைகளை வெகு முன்பாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் கிளைட், அலெக்சாண்ட்ரா குன்றுகளில் காட்டு தைம் செடி இளஞ்சிவப்பாகப் பூத்து, சக்கரம் ஏறினால் மணக்கும். ஆனால் அதே வசந்த காலத்தில்தான் மேக்பை பறவைகள் குஞ்சுகளைக் காக்கும் வெறியில் பின்னாலிருந்து தலையைக் குறிவைத்துப் பாய்கின்றன. நம்மூர் காக்கையிடம் கொத்து வாங்கியவர்களுக்கு அந்த அனுபவம் புதிதல்ல. நிற்காமல் போய்விடுவதே வழி.

எந்த மாதிரி சைக்கிள் தேவை?

மெல்லிய டயர் கொண்ட ரேஸ் சைக்கிள் உதவாது. தரை சரளை, சில இடங்களில் அது தளர்ந்து கிடக்கும். நாற்பது மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமான டயர், கியர், அகலமான சீட் ஆகியவை இருந்தால் போதும். கிளைட், அலெக்சாண்ட்ரா, ரான்ஃபர்லி, மிடில்மார்ச் போன்ற ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் ஒப்படைக்கவும், பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் அனுப்பவும் ஏற்பாடு உண்டு. மின்சார சைக்கிள்களுக்கும் அனுமதி இருக்கிறது.

ஊருக்கு ஊர் இடைவெளி அதிகம் என்பதால் பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று ட்யூப், பம்பு மூன்றும் கையில் இருக்க வேண்டும். வாடகை சைக்கிளோடு இவை சேர்ந்தே வரும்; ஆனால் கிளம்பும் முன் பையைத் திறந்து பார்ப்பது அவசியம். எனக்குக் கொடுத்த பையில் பம்பு இருந்தது, பம்பையும் வால்வையும் இணைக்கும் முனை வேறு வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அது தெரிய வந்தது பஞ்சரான பிறகு.

சுரங்கங்களும் பாலங்களும் பாதுகாப்பானவையா?

பாதுகாப்பானவை. மரப் பலகை பதித்துக் கைப்பிடி அமைத்திருக்கிறார்கள். தடம் முழுவதும் சிறியதும் பெரியதுமாக அறுபதுக்கு மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள் பூல்பர்ன் பாலத்தில் மட்டும் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். அது 37 மீட்டர் உயரமும் நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் கொண்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் குறைவொன்றுமில்லை. சொல்லப்போனால் அதுவே நல்லது. ஏறி ஓட்டினால் பலகைகளின் கடகடப்பு மட்டும்தான் கேட்கும்; இறங்கி நடந்தால், பாலத்தைத் தாங்கும் கல் தூண்களைப் பார்க்கலாம். அங்கேயே கிடைக்கும் ஷிஸ்ட் என்னும் அடுக்குப் பாறையைச் செதுக்கி அடுக்கிய தூண்கள் அவை. வெயில் படும்போது கல்லில் உள்ள அபிரகத் துணுக்குகள் மின்னும்.

அந்தப் பாலத்துக்கு அருகிலேயே, இருநூறு மீட்டரைத் தாண்டிய இரண்டு சுரங்கங்கள் இருக்கின்றன. ஹைட் பக்கத்தில் பிரைசஸ் கிரீக் சுரங்கம் 152 மீட்டர். உள்ளே விளக்கு கிடையாது. டார்ச் கட்டாயம் வேண்டும். பத்தடி உள்ளே போனதும் கோடை வெயில் சட்டென்று அறுந்து, கிணற்றுக்குள் இறங்கியதைப் போன்ற குளிர் சூழும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டு உள்ளே நுழைந்து சுவரில் உரசுபவர்கள் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கி, இடப்புறமாக, டார்ச்சைச் சுவரின் மேல் பிடித்தபடி நடந்தால், இந்தப் பாறையை மனிதக் கைகள் உடைத்து வழி செய்திருக்கின்றன என்பது கண்ணெதிரே தெரியும்.

வழியில் நின்று பார்க்க வேண்டியவை எவை?

பட்டியல் போட்டால் நீளும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டுரேஹுவாவில் ஹேய்ஸ் பட்டறை இருக்கிறது. எர்னஸ்ட் ஹேய்ஸ் 1895இல் தொடங்கிய இந்த இடத்தில், பண்ணை வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும் கருவி முதலியவற்றை உருவாக்கினார்கள். இயந்திரங்களுக்கான விசை முதலில் காற்றாலையிலிருந்தும், பின்னர் நீரால் சுழலும் பெல்டன் சக்கரத்திலிருந்தும் வந்தது. கூரையடியில் ஓடும் தண்டும், அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும் தோல்பட்டையும் இன்னும் அப்படியே இருக்கின்றன. இந்தத் தடத்தில் வருபவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டியவர் எர்னஸ்டின் மனைவி ஹன்னா. கணவர் செய்த கருவிகளை விற்பதற்காக, நல்ல சாலை இல்லாத காலத்தில், பண்ணை பண்ணையாகச் சைக்கிளில் போனவர் அவர். சரளைப் பாதையும் வேனில் வரும் பெட்டியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பாதை ஓரம் அவ்வப்போது தென்படும் கேங்மேன் குடிசைகள். ரயில் காலத்தில் பாதையைப் பராமரித்தவர்கள் தங்கிய குடிசைகளைப் போலவே அமைத்து, உள்ளே அந்தந்த இடத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். திடீர்க் காற்றுக்கும் குளிருக்கும் ஒதுங்க இவற்றை விட்டால் வேறு இடமில்லை.

மூன்றாவது கொஞ்சம் விளையாட்டானது. ரான்ஃபர்லியில் சூரியனை வைத்து, பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவில், கோள்களைத் தடத்தின் இரு பக்கமும் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பூமி கையில் அடங்கும் ஓர் உருண்டை. சூரியனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும். நெப்டியூனைப் பார்க்க நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். குழந்தைகளை அடுத்த ஊர் வரை புலம்பாமல் ஓட்டவைக்க இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

ஹைட் அருகே உள்ள நினைவுச்சின்னம் எதற்காக?

1943 ஜூன் 4 அன்று, குரோம்வெல்லிலிருந்து டனீடின் சென்ற விரைவு ரயில் ஹைட் அருகே, மலையைக் குடைந்த ஒரு வளைவில் தடம் புரண்டது. மணிக்கு 48 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத வளைவில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ரயில் சென்றது. 21 பேர் இறந்தார்கள். அந்த வளைவின் வழியாகவே இன்று சைக்கிள் பாதை போகிறது. ஓட்டிச் செல்பவருக்கு அது சாதாரண வளைவாகத்தான் தெரியும். இறந்தவர்களுக்கான கல் நினைவுச்சின்னம் அருகில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது.

சாப்பாடு கிடைக்குமா? சைவர்கள் என்ன செய்வது?

பெரிய ஊர்களான அலெக்சாண்ட்ரா, ரான்ஃபர்லி ஆகியவற்றில் கடைகள் உண்டு. மற்ற இடங்களில் பழைய மதுவிடுதிகளும் சிறு உணவகங்களும்தான். அவை திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். இது ஆட்டுப் பண்ணை நாடு, சமையலும் அப்படித்தான். சைவ உணவு வேண்டும் என்று தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால் செய்து தருவார்கள். சொல்லாமல் போனால் உருளைக்கிழங்கு வறுவலோடு இரவைக் கழிக்க நேரிடும். குடிநீரைக் காலையிலேயே இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் கொண்டுபோகலாமா?

எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். எழுதியதை அதிகாரிகள் பார்த்து அனுமதிக்கலாம் அல்லது எடுத்துக்கொள்ளலாம்; எழுதாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். சொந்த சைக்கிளையோ மலையேறிய காலணியையோ கொண்டுவருபவர்கள் டயரிலும் அடிப்பாகத்திலும் மண் துளிகூட இல்லாமல் கழுவிக் கொண்டுவர வேண்டும். மண்ணோடு வரும் விதைக்கும் பூச்சிக்கும் அந்நாடு அவ்வளவு அஞ்சுகிறது.

கட்டணம் உண்டா?

தடத்துக்குக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கிடையாது. நன்கொடை கொடுக்க விரும்புபவர்கள் கொடுக்கலாம்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் எவை?

நம் நாட்டைப் போலவே இடப்புறம் ஓட்ட வேண்டும். தடம் சாலைகளைக் கடக்கும் இடங்களில் முன்னுரிமை வாகனங்களுக்குத்தான். சாலையில் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். தடத்திலும் கழற்ற வேண்டாம். மூடியிருந்த வேலிக்கதவைத் திறந்தால் மறுபடி மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். பண்ணைக்காரர்கள் தொடக்கத்தில் அஞ்சியது இந்தக் கதவுகளுக்காகத்தான்.

வழியில் அடிபட்டால்?

அவசர உதவிக்கு 111. கைப்பேசிக்குச் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. பள்ளத்தாக்குகளில் விட்டுவிட்டு வரும். விபத்தில் காயம்பட்டவர் வெளிநாட்டுப் பயணியாக இருந்தாலும் அந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் உதவும். ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு அது பொருந்தாது. பயணக் காப்பீடு அதற்காகவே தேவைப்படுகிறது.

மிடில்மார்ச்சிலிருந்து எப்படித் திரும்புவது?

மிடில்மார்ச்சுக்கும் டனீடினுக்கும் இடையிலுள்ள பழைய பாதை பெயர்க்கப்படவில்லை. மற்ற பகுதி மூடப்பட்டபோது டனீடின் நகராட்சி அதை வாங்கியதால், அதில் சுற்றுலா ரயில் தொடர்ந்து ஓடியது. தையரி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் அந்த ரயில் ஒரு காலத்தில் சைக்கிள்காரர்களை மிடில்மார்ச் வரை கொண்டுவந்து விட்டது. இப்போது அதை நம்பித் திட்டமிட வேண்டாம். சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர்களே வேன் ஏற்பாடு செய்கிறார்கள். டனீடினுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். கிளைட்டில் கார் நிறுத்தியிருப்பவர்களை அங்கேயே திரும்பக் கொண்டுபோய் விடுவதும் உண்டு. கடைசி வேன் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கேட்டுக்கொண்டு, ஹைட்டிலிருந்து பகல் ஒரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அந்தக் கடைசி 27 கிலோமீட்டரில், தெற்குக் காற்று எழுந்தால், அது நேராக முகத்துக்குத்தான் வரும்.